இருநூறு குறைந்த சிரிப்பு

சிரிப்பு நிகழ்ச்சி எடுக்கும் அந்த டிவி கம்பெனி வெண்கலத்துக்குத் தரவேண்டிய பாக்கி, நாள் ஒன்றுக்கு இருநூறு. நாலு வருஷத்தில் நூற்று அறுபத்திரண்டு நாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த வெண்கலம், பேப்பர் பென்சில் எதுவும் இல்லாமல், பஸ் கம்பியைப் பிடித்து நின்றபடியே பெருக்கிவிட்டாள். முப்பத்திரண்டாயிரத்து நானூறு. பெரிய படிப்புப் படித்தவர்கள் வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளட்டும், ஒரு காசு பிசகாது.

வெண்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வெண்கலக் கடையில் யானை புகுந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அவள் சிரிப்பு. முதலில் தொண்டைக்குள் ஓர் உருட்டல். அப்புறம் மாடிப்படியில் குடம் உருண்டு இறங்குவது போல நீளமாக ஒரு கணகணப்பு. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “அட போங்கப்பா!” என்று ஒரு முத்திரை. அந்த “அட போங்கப்பா” இல்லாமல் அவள் ஒரு சிரிப்பையும் முடித்தது கிடையாது. இப்படி ஒரு சிரிப்பு இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் சொல்லட்டும், பார்ப்போம்.

இந்தச் சிரிப்புக்காக அவள் அபராதம் கட்டிய காலமும் உண்டு. பதினொரு வயதில் சாக்கு தைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வீட்டில் ஒன்பது பேர், வரிசையில் இவள் நாலாவது. கொட்டகை மேற்பார்வைக்காரர் வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும். “பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு.” ஒரு சிரிப்புக்குக் கால்நாள் கூலி வெட்டு. ஆண்கள் சிரித்தால் வெட்டு இல்லை, மேற்பார்வைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு, சிரித்த கணக்கில் ஆறு நாள் கூலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்காக அழுதாளா என்றால் இல்லை. கொட்டகை வாசலைத் தாண்டியதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

கல்யாணம், பிள்ளைகள், வாடகை, வட்டி எல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். பிள்ளைகள் தலையெடுத்து வேறு வேறு பக்கம் போனபிறகு, சாக்குக் கொட்டகையும் மூடிக் கிடந்த ஒரு நாளில், பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து கூப்பிட்டாள்.

“அக்கா, டிவி ஸ்டுடியோவுல உக்கார ஆள் கேக்கறாங்க. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு, காசும் உண்டு.”

“என்ன வேலை?”

“சிரிக்கணுமாம்.”

“சிரிக்கறதுக்குக் காசா? யாரு, நாம குடுக்கணுமா?”

ஸ்டுடியோ என்றதும் மாளிகையை நினைத்துக்கொண்டு போனாள். வெளியே பார்த்தால் தகரக் கூரை போட்ட கிடங்கு. உள்ளே முன்பக்கம் மட்டும் பளபளவென்று ஒரு வரவேற்பறை, பின்னால் எட்டிப் பார்த்தால் பலகையும் முட்டுக்கொம்பும் ஆணியும். எதிரே படிபடியாகப் பெஞ்சு. குளிர் எலும்பைப் பிடித்துத் தின்றது. கேமராவுக்குக் கீழே ஒடிசலாக ஓர் ஆள் குந்தியிருந்தார். கையாட்டி என்று பெயர். ஒரு விரலைக் காட்டினால் புன்னகை, உள்ளங்கையை விரித்தால் சிரிப்பு. இரண்டு கையையும் தூக்கினால் கைதட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் தோளில் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும்.

மேடைக்கு வந்த காமெடியன் தன் பொண்டாட்டி சமையலைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். கையாட்டி உள்ளங்கையை விரித்தார். வெண்கலம் சிரித்தாள். மூலையில் பெட்டிக்கு முன்னால் இருந்த ஒலிக்காரர், காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “எம்மா, யாரு அது?” என்று எழுந்து நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவள் கொடிதான் பறந்தது. பார்வையாளர்களைக் கூட்டிவரும் ஏஜெண்ட் அவளைத் தேடிப் பிடித்து, “அக்கா, உங்கள மாதிரி இன்னும் ஆள் கொண்டாங்க” என்றார். ஒருத்தி இருவராகி, இருவர் நாற்பதானார்கள். வெண்கலம் அவர்களுக்குப் பாடமே நடத்தினாள். எங்கே மூச்சைப் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும், ஜோக் புரியாவிட்டால் காமெடியன் புருவத்தைப் பார்த்து எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அந்த நிகழ்ச்சி முதலிடத்துக்கு வந்ததே இந்த நாற்பது தொண்டைகளால்தான். ஒலிக்காரர் அவள் சிரிப்பைத் தனியாகப் பதிவு செய்தும் வைத்துக்கொண்டார். “சிரிப்பு கம்மியா விழுற இடத்துல இத ஒட்டிக்குவோம்க்கா. இதுக்குப் பேரு டப்பாச் சிரிப்பு” என்றார். தன் சிரிப்பு டப்பாவில் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்குக் காசு கேட்கத் தோன்றவே இல்லை.

கூலியை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பெண்களுக்குப் பின்வாசலில், ஆண்களுக்கு முன்வாசலில். நெரிசலைக் குறைக்க அந்த ஏற்பாடு என்று சொன்னார்கள், இவர்களும் நம்பினார்கள்.

நாலாவது வருஷம் ஒரு நாள் ஆண்கள் குறைந்துபோய், ஏஜெண்ட் தவித்தார். வெண்கலம் தன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினாள். மனிதர் பிஸ்கட் கம்பெனி வாசலில் இருபது வருஷம் காவல் இருந்தவர். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை கைவந்தவர். சிரிப்பு மட்டும் ஏழாம் பொருத்தம். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுக்கு நேர் பின்னால் ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கண் திறந்தபடி அருமையாகத் தூங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் உறையைப் பிரித்தார்கள்.

“என்னங்க, உங்களுக்கு எவ்வளவு?”

“ஐந்நூறு.”

“எனக்கு முந்நூறுதான் இருக்கு.”

“நல்லா எண்ணு. ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“ஒட்டிக்கறதுக்கு இது புது நோட்டா? கந்தல் நோட்டு. ஆமா, நீங்க இன்னிக்கு எத்தன தடவ சிரிச்சீங்க?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர் யோசித்தார். “ஒரு தடவ வாயத் தொறந்தேன்.”

“அது கொட்டாவி.”

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வெண்கலம் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒருத்திக்கே முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் என்றால், நாற்பது பேருக்கு எவ்வளவு என்று பெருக்கப் போனவளுக்குத் தலை சுற்றியது.

மறுமுறை வீட்டுக்காரரோடு ஸ்டுடியோவுக்குப் போனதும் ஏஜெண்டை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, ஆம்பளைக்கு ஐந்நூறு, எங்களுக்கு முந்நூறு. இது எந்த ஊரு கணக்கு?”

“ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்க்கா. எல்லா ஸ்டுடியோவுலயும் இதே ரேட்டுதான். ஆம்பளைங்க வேலைவெட்டிய விட்டுட்டு வராங்க. நீங்க வீட்ல சும்மா இருக்கற நேரத்துக்கு இங்க வந்து குளுகுளுன்னு இருந்துட்டுப் போறீங்க.”

“எங்க வீட்டுக்காரர் எந்த வேலைய விட்டுட்டு வந்தாரு? தூக்கம் ஒண்ணுதான் அவரு வேலை. அதையும் விடல, இங்கயே கொண்டாந்துட்டாரு.”

பெண்கள் பக்கம் குபீர் என்றது. ஏஜெண்டுக்குக் காது சிவந்தது. “ஆம்பள சிரிப்பு கனமா இருக்கும்க்கா. மைக்குல எடுபடும். அதுக்குத்தான் கூட.”

வெண்கலம் ஒலிக்காரர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்க பெட்டி பொய் சொல்லாது. நீங்களே சொல்லுங்க.”

ஒலிக்காரர் ஏஜெண்ட் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் உண்மையைச் சொன்னார். “ஆம்பளைங்க சிரிச்சா நான் சத்தத்த ஏத்தணும். இவங்க சிரிச்சா எறக்கணும். இல்லேன்னா சத்தம் காட்டற ஊசி பிச்சுக்கிட்டுப் போயிடும்.”

ஏஜெண்ட் வாயில் ‘அக்கா’ அந்த இடத்தில் ‘ஏம்மா’ ஆகிவிட்டது. “ஏம்மா, ஊசியா சம்பளம் போடுது? ஆம்பளைக்குச் சிரிக்கக் காசு. பொம்பளைக்கு உக்காரக் காசு. பளிச்சுனு உடுத்திக்கிட்டு வந்து கேமராவுக்கு அழகா உக்காரணும், அவ்வளவுதான் உங்க வேலை. சிரிக்கறதெல்லாம் உங்க இஷ்டம். சிரிங்கன்னு உங்கள யாரு கெஞ்சினா?”

“அப்ப உக்கார்றதுக்குத்தான் இந்த முந்நூறு?”

“ஆமா.”

“சிரிக்கறது எங்க இஷ்டம்?”

“ஆமாங்கறேன்ல!”

“சரி தம்பி. நீங்க சொன்னாச் சரிதான்.”

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நாற்பது பேரும் கூடினார்கள். தையல்காரி நடுங்கினாள். அவளுடைய தையல் மெஷினுக்கு இன்னும் தவணை பாக்கி இருந்தது. “வேணாம்க்கா. வேலைக்கு வரமாட்டோம்னு வெளிய நின்னா, பத்து நிமிஷத்துல வேற நாப்பது பேரக் கொண்டாந்து நிரப்பிடுவான்.”

“வெளிய யாருடி நிக்கச் சொன்னா? உள்ள போவோம், உக்காருவோம், காசு வாங்குவோம். அந்தத் தம்பி சொன்ன வேலைய அச்சுப் பிசகாம செய்வோம். மாரடிச்ச கூலி மடி மேலன்னு சொல்வாங்க. நம்ம கூலி உக்கார்றதுக்கு மட்டும்தானாம். அப்ப உக்காந்துட்டு மட்டும் வருவோம்.”

சாப்பாடு முடிந்து விளக்குகள் எரிந்தன. காமெடியன் துள்ளிக்கொண்டு வந்தார். “என் பொண்டாட்டி பேசறத நிறுத்தினா, கரண்ட் போயிடுச்சோன்னு நான் ஃபியூஸப் பாக்கப் போயிடுவேன்!”

கையாட்டி உள்ளங்கையை விரித்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தது போல நாற்பது பெண்கள் மடியில் கை வைத்து, முதுகை நிமிர்த்தி, அழகாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் மட்டும் ‘ஹோ’ என்று ஒரு சத்தம் வந்தது. காலிக் கிடங்கில் யாரோ தொண்டையைச் செருமியது போல இருந்தது. இத்தனை நாள் பெண்கள் சிரிப்பின் தோளில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போன சிரிப்பு அது. இறக்கிவிட்டதும் நடக்கத் தெரியாமல் விழுந்துவிட்டது.

காமெடியன் அடுத்த ஜோக்கை விட்டார். அதுவும் பொண்டாட்டியைப் பற்றித்தான். கையாட்டி இரண்டு கையையும் தூக்கினார். தண்ணீரில் மூழ்குகிறவன் போல ஆட்டினார். பெண்கள் இமைகூடத் தட்டவில்லை. காமெடியனுக்கு வியர்த்து, வரி மறந்து, ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அந்த நேரம் பார்த்து, துருப்பிடித்த கேட்டைத் திறந்தது போல ஒரு சத்தம் கேட்டது. வெண்கலத்தின் வீட்டுக்காரர்தான். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நல்லாச் சிரிங்க” என்றாள் வெண்கலம் உதடு அசையாமல். “உங்களுக்குத்தான் அதுக்குக் காசு.”

தயாரிப்பாளர் மாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். ஏஜெண்ட் அவர் காதில் என்னவோ சொன்னார். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், வாடகை ஓடிக்கொண்டிருந்த கேமராக்களைப் பார்த்தார். “விடுய்யா. டப்பா இருக்கில்ல? அந்தச் சிரிப்ப எடுத்து ஒட்டிடுங்க. ஜனங்களுக்கு என்ன தெரியப் போவுது?”

பின்வாசலில் உறை கைக்கு வந்தது. கூடவே ஏஜெண்ட் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வந்தது. “அடுத்த வாரத்துலேர்ந்து ஒருத்தரும் இந்த வாசப்பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாது.”

அதற்குப்பின் போன எட்டு நாளும் வெண்கலத்துக்கு எட்டு வருஷம். நாற்பது வீட்டு அடுப்பு அவள் வாயால் அணைந்துவிடும் போலிருந்தது. தையல்காரி வாசலில் நின்று பொரிந்தாள். “உன் வாய நம்பி வந்தோம் பாரு, எங்களச் சொல்லணும். மெஷினத் தூக்கிட்டுப் போனா நீயா வந்து தச்சுக் குடுப்ப?” எதற்கும் பதில் வைத்திருக்கும் வெண்கலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் தப்பு செய்யாதவர்களுக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கிறதே.

வெண்கலத்தின் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏஜெண்ட் ஆள் அனுப்பினார். ஆண்கள் வரலாம், தடை இல்லை என்று. மனிதர் போகவில்லை.

“போயிட்டு வரலாம்ல? ஐந்நூறு வருமே” என்றாள் வெண்கலம்.

“நீ பக்கத்துல சத்தம் போடலேன்னா எனக்கு அங்க தூக்கம் வராது.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதே சேனல் கேட்டது. கரண்ட், ஃபியூஸ் ஜோக் வந்தது. அதற்குமேல் டப்பாச் சிரிப்பு வந்தது. முதலில் ஓர் உருட்டல், அப்புறம் குடம் படியில் இறங்கும் கணகணப்பு. சிரிப்பை ஒட்டியவர்கள் படத்தைப் பார்க்க மறந்துபோனார்கள். எப்போதும் பெண்கள் சிரிக்கும்போது அவர்கள் முகத்தைக் காட்டுவது வழக்கம். வழக்கப்படியே பெண்கள் வரிசையைக் காட்டினார்கள். நாற்பது முகமும் கல்லுப் போல இருந்தது. நட்டநடுவில் வெண்கலம், பூட்டுப் போட்ட வாயோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரலே கணீரென்று சொன்னது: “அட போங்கப்பா!”

அப்புறம் வீடு வீடாக வெடித்தது பாருங்கள், அந்த நிகழ்ச்சிக்கு வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. விடிவதற்குள் அந்தத் துண்டு கைபேசி கைபேசியாகப் பறந்தது. வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எப்படி என்று தலைப்பு வேறு. மறுநாள் காலையில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் தையல்காரிதான். “அக்கா, லட்சம் பேர் பாத்துட்டாங்கக்கா! ஏன் இந்தம்மா சிரிக்கலன்னு எல்லாரும் கேக்கறாங்க!”

“நீ பதில் போடுடி. முந்நூறுக்கு உக்கார மட்டும்தான் வரும்னு போடு.”

தையல்காரி போட்டாள். ஆண்களுக்கு ஐந்நூறு என்பதையும் சேர்த்தே போட்டாள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தவள், எழுத்துப் பிழை இல்லாமல் அழகாகப் போட்டாள்.

நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கும் சோப்புக் கம்பெனி தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, சிரிப்பு டூப்பு என்றால் சோப்பும் டூப்பு என்று ஜனங்கள் பேசமாட்டார்களா என்று கேட்டதாம். இடையில் புதிதாக நாற்பது பெண்களைப் பிடித்துவந்து பார்த்தார்கள். அவர்கள் ஜோக் முடிந்து, அடுத்த ஜோக் பாதி போனபிறகு சிரித்தார்கள். புதன்கிழமை ஏஜெண்ட் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா...”

“வாங்க தம்பி. எனக்கு இன்னிக்கு அக்காவா, ஏம்மாவா?”

தயாரிப்பாளர் அறையில் சுழல் நாற்காலி ஒன்றுதான். அவளுக்கு முக்காலி போட்டார்கள். உட்காரவில்லை. “உக்கார்றதுக்குத் தனியாக் காசு ஆகும்” என்றாள். தயாரிப்பாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன வேணும்மா உங்களுக்கு?”

“ஆளுக்கு ஐந்நூறு. ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே வரிசை. உறை வேணாம். எல்லார் கண்ணு முன்னாலயும் கையில எண்ணிக் குடுக்கணும்.”

“இவ்வளவுதானே?”

“டப்பாவுல இருக்கறது என் தொண்டை. அதத் தொறக்கறப்பல்லாம் எனக்குத் தனியா இருநூறு. அப்புறம், நாங்க பொண்டாட்டி ஜோக்குக்கு நாலு வருஷமாச் சிரிச்சாச்சு. இனிமே ஒண்ணு பொண்டாட்டிக்குன்னா ஒண்ணு புருஷனுக்கு. சரக்கு இல்லேன்னா சொல்லுங்க, எங்க வீட்லயே நிறைய இருக்கு.”

தயாரிப்பாளர் பேனாவை உருட்டினார். நானூறு என்றார், நானூற்றைம்பது என்றார். சந்தையில் பேரம் பேசிப் பழகியவளிடம் அது செல்லுமா? அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில் அவர் தாளை எடுத்து எழுதினார். “பழைய பாக்கிய மட்டும் கேக்காதீங்கம்மா. நாப்பது பேருக்கு நாலு வருஷம்னா கம்பெனி தாங்காது.”

“இன்னிக்குக் கேக்கல” என்றாள் வெண்கலம். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் வளர்க்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. எழுதிய தாளை, கூட வந்திருந்த தையல்காரியிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் மடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த பதிவு நாளில் காமெடியன் தயங்கித் தயங்கி முதல் புருஷன் ஜோக்கைச் சொன்னார். வீட்டில் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்க்கப் போய், மூன்று வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்ட புருஷன். கையாட்டி கையைத் தூக்குவதற்கு முன்பே நாற்பது தொண்டையும் திறந்துகொண்டது. ஒலிக்காரர் பதறிக்கொண்டு சத்தத்தை இறக்கினார். ஆண்களும் சிரித்தார்கள், உண்மையாகவே சிரித்தார்கள். தங்கள் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்திருக்கும்.

சாயங்காலம் முன்வாசலில் ஒரே வரிசை. மேசைக்குப் பின்னால் ஏஜெண்ட், நோட்டுக் கட்டோடு. தையல்காரி வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்று தானும் ஒரு தரம் எண்ணினாள். வெண்கலத்துக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் நின்றார்.

வெண்கலம் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். சாக்கு ஊசி குத்திக் காய்ப்பேறிய கை.

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நூறு ரூபாய் நோட்டுகளை வைத்த ஏஜெண்ட், நாலு வருஷப் பழக்கத்தில் அங்கேயே நிறுத்தி, அடுத்த ஆளைப் பார்த்தார். நீட்டிய கை அசையவில்லை. வரிசையும் அசையவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

ஏஜெண்ட் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டிலிருந்து இன்னொரு நோட்டை உருவினார்.

“நாலு.”

விரலை எச்சில் தொட்டு, இன்னொன்று.

“அஞ்சு.”